டப்பாவில் தங்குவதைச் சுடுங்கள்

பண்டிகைக்கு வீட்டிலேயே கேக்கோ பிஸ்கட்டோ சுட்டுப் பிள்ளைகளுக்கும் சிநேகிதர்களுக்கும் கொடுக்கலாம் என்று நினைத்தவுடன் நாம் தேடிப் போவது படங்களை. மூன்றடுக்கு கிரீம் கேக், மேலே சிவப்பும் பச்சையுமாகச் சுழித்த கப் கேக் என்று கண்ணுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் செய்முறையைத் தேடுகிறோம். இந்த வரிசை தலைகீழ். முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, அடுப்பிலிருந்து எடுப்பதற்கும் வாங்கியவர் வாயில் போடுவதற்கும் நடுவில் எத்தனை நாள் இருக்கிறது என்பதுதான். கேக் கடையில் அது சில மணி நேரம். அந்த நேரமும் குளிர்பெட்டிக்குள் கழிகிறது. வீட்டுப் பண்டிகை அப்படி நடப்பதில்லை. திங்கட்கிழமை சுட்டதைப் புதன்கிழமை டப்பாவில் அடைத்து, வியாழக்கிழமை பக்கத்து வீட்டில் கொடுப்பீர்கள். அவர்கள் தங்கள் வீட்டுப் பலகாரங்களை முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் திறப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வரை தாங்குவதைத்தான் சுட வேண்டும்.

தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது ஈரம். பூஞ்சைக்கும் கிருமிகளுக்கும் வளர ஈரம் வேண்டும். அடுப்பிலேயே ஈரத்தை ஓட்டிவிட்டால் அவற்றுக்கு வழியில்லை. ஓட்ட முடியாத இடத்தில் சர்க்கரையும் உலர்பழமும் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் வளர்ச்சி மந்தமாகிறது. பண்டிகைப் பலகாரங்களை ஊர் ஊராகப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும். நம் முறுக்கு, தட்டை, அதிரசம், பொருள்விளங்கா உருண்டை எல்லாம் நாள்பட நிற்பவை. பாயசம் அன்றன்றைக்கே முடிந்துவிடும், அதனால் அது அடுத்த வீட்டுக்கு டப்பாவில் போவதில்லை. ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட், ஜெர்மனியின் ஸ்டோலன் இரண்டும் அதே ரகம். இலங்கையில் கிறிஸ்துமஸ் கேக்கை ரவை, முந்திரி, பாகில் ஊறிய பூசணி, இஞ்சி சேர்த்துச் சுட்டு, துண்டு துண்டாக வெட்டித் தனித்தனியாகத் தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள். இத்தனை ஊர்க்காரர்களும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை. கொடுத்தனுப்பும் பண்டத்துக்கு வேறு வழி இல்லை என்பதுதான் காரணம்.

நமக்கு இதில் கூடுதலாக ஓர் இடைஞ்சல் உண்டு. தீபாவளியும் கிறிஸ்துமஸும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வருகின்றன. காற்றே ஈரமாக இருக்கும்போது மொறுமொறுப்பான எதுவும் திறந்த தட்டில் ஒரு மாலைப்பொழுதுகூடத் தாங்காது. குளிரான, வறண்ட ஊர்களில் எழுதப்பட்ட செய்முறைகள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் சொதப்புவதற்குச் செய்பவரின் கைப்பக்குவம் எப்போதும் காரணம் அல்ல. அந்தக் குறிப்பில் மழையே இல்லை. ஆகவே இந்த அத்தியாயத்தில் மூன்றே பண்டங்கள்: நெய் பிஸ்கட், தூத்துக்குடி மக்ரூன், பிளம் கேக். முதலாவது சுலபம், இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும், மூன்றாவதற்குத் திட்டமிடல் வேண்டும்.

தொடங்கும் முன்: தராசும் வெப்பமானியும்

அழகான அச்சுகளுக்குச் செலவழிக்கும் முன் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். 240 மில்லி கப்பில் மைதாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டு வழித்தால் ஏறக்குறைய 120 கிராம் வரும். அதே கப்பை மாவு டப்பாவுக்குள் அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை ஏறும். கால் பங்கு மாவு கூடிவிட்டால் எந்த பிஸ்கட்டும் கல்லாகத்தான் வரும். பிறகு நெய்யையோ ஓவனையோ குறை சொல்லிப் பயனில்லை. இங்கே எல்லா அளவும் கிராமில் தரப்பட்டிருப்பது அதனால்தான்.

அடுத்தது, ஓவனுக்குள் தொங்கவிடும் வெப்பமானி. வீட்டு மின் ஓவனான ஓ.டி.ஜி.யின் திருகில் 160 என்று வைத்தால் உள்ளே 145 இருக்கலாம், 180 இருக்கலாம். பிஸ்கட் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மக்ரூன் பொறுக்காது.

ஓ.டி.ஜி. அதிக மின்சாரம் இழுக்கும் சாதனம். எர்த் இணைப்புள்ள, அதற்குரிய ஆம்பியர் கொண்ட சுவர்ப் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள்; எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். பின்புறமும் பக்கவாட்டிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். மேலே துணி, பிளாஸ்டிக் டப்பா எதுவும் வைக்கக் கூடாது. தட்டை எடுக்கக் காய்ந்த, தடித்த கையுறைதான் பயன்படுத்த வேண்டும். ஈரக் கரித்துணியால் பிடித்தால் அதிலுள்ள தண்ணீர் சூடேறிக் கையைச் சுட்டுவிடும்.

ஓ.டி.ஜி. இல்லாதவர்கள் பிரஷர் குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் சுடும் பழக்கம் உண்டு. தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் சூடாக்குவதற்காகக் குக்கர் செய்யப்படவில்லை. அதற்குப் பதில் அடி கனத்த பழைய அலுமினியச் சட்டியில் ஒரு ஸ்டாண்டை வைத்து, பொருத்தமான மூடியால் மூடி, சிறு தீயில் 10 நிமிடம் சூடாக்கிவிட்டு உள்ளே தட்டை வையுங்கள். நான்ஸ்டிக் பாத்திரத்தை இப்படி வெறுமனே காய்ச்சக் கூடாது. நெய் பிஸ்கட்டும் கேக்கும் இந்த முறையில் வரும். மக்ரூன் வராது, முயற்சிக்க வேண்டாம். அதற்குத் தேவையான மெல்லிய சூட்டில் சட்டியை நிறுத்த முடியாது.

நெய் பிஸ்கட்: பிள்ளைகளோடு செய்வதற்கு

முதல்முறை சுடுபவர் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. நெய்யில் அநேகமாக இல்லை. முட்டையும் பாலும் சேர்ப்பதில்லை. ஆக, மாவைப் பிசையும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஓவன் ஓட்ட வேண்டிய ஈரம் கொஞ்சம்தான். நன்றாகச் சுட்டு உடனே அடைத்தால் இரண்டு வாரம் தாராளமாக நிற்கும்.

தேவையானவை (சுமார் 18 பிஸ்கட்): மைதா 120 கிராம், கடலை மாவு 30 கிராம், மெல்லிய ரவை 15 கிராம், பொடித்துச் சலித்த சர்க்கரை 75 கிராம், உறைந்த நெய் 90 கிராம், பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, மேலே பதிக்க முந்திரித் துண்டுகள்.

1. நெய் உருகியிருந்தால் குளிர்பெட்டியில் வைத்து வெண்மையாக உறைய விடுங்கள். விரலால் அழுத்தினால் குழிய வேண்டும், ஒழுகக் கூடாது.
2. நெய்யையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் 4, 5 நிமிடம் குழையுங்கள். நிறம் வெளுத்துப் பொங்கி வர வேண்டும்.
3. மைதா, கடலை மாவு, பேக்கிங் பவுடர், ஆப்ப சோடா, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து இருமுறை சலித்து, ரவையும் ஏலக்காயும் கலந்து, குழைத்த நெய்யில் சேர்க்கவும்.
4. விரல் நுனியால் ஒன்றுசேர்க்கவும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையக் கூடாது. உதிர்ந்தால் ஒரு டீஸ்பூன் நெய் சேர்க்கலாம். தண்ணீரோ பாலோ தெளிக்க வேண்டாம்.
5. 18 கிராம் உருண்டைகளாக உருட்டி, லேசாகத் தட்டி, முந்திரியைப் பதித்து, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் இரண்டு விரல் இடைவெளியில் அடுக்கவும்.
6. தட்டோடு 20 நிமிடம் குளிர்பெட்டியில் வைக்கவும். அதற்குள் ஓவனை 160 டிகிரிக்குச் சூடாக்கவும்.
7. 16 முதல் 20 நிமிடம் சுடவும். ஓரமும் அடியும் லேசான பொன்னிறமாக வேண்டும். மேற்பக்கம் வெளுப்பாகவே இருக்கலாம்.
8. எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். 10 நிமிடம் தட்டிலேயே விட்டு, பிறகு கம்பி ஸ்டாண்டுக்கு மாற்றவும். முழுக்க ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போடவும்.

இதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இரண்டில் அடங்கும். முதலாவது, உருகிய நெய். உருகிய நெய்யில் செய்த உருண்டை ஓவனில் அப்பளமாகப் படர்ந்துவிடும். 6ஆம் படியை விட்டுவிட்டாலும் அதே கதிதான். டிசம்பரிலும் நம் சமையலறை குளிர்வதில்லை, அதிலும் ஓவன் எரியும்போது. இரண்டாவது, எட்டாவது படியில் அவசரம். சூட்டோடு தொட்டுப் பார்த்து, வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளுபவர்கள் உண்டு. ஆறினால்தான் நெய் உறைந்து பிஸ்கட் இறுகும். அதே அவசரத்தில் வெதுவெதுப்பாக டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் நீராகப் படிந்து, ஓட்டிய ஈரமெல்லாம் திரும்பி வந்துவிடும். ஆப்ப சோடாவை மட்டும் கண் அளவில் போடாதீர்கள். பேக்கிங் பவுடரைவிட அது மூன்று நான்கு மடங்கு வீரியம். கூடிவிட்டால் சோப்பு வாசனை அடிக்கும்.

*பிள்ளைகளுக்கு என்ன வேலை:* நாலைந்து வயதுக்காரர்கள் முந்திரி பதிக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தராசில் எண் பார்த்து நிறுக்கலாம், சலிக்கலாம். உருண்டைகள் சின்னதும் பெரிதுமாக வந்தால் சின்னது கருகும், பெரிது வேகாது. அதனால் ஒவ்வோர் உருண்டையையும் தராசில் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது வேலையாகவே தெரியாது. ஓவனைத் திறப்பதும் தட்டை எடுப்பதும் பெரியவர்கள் மட்டுமே. பச்சை மாவை நக்கிப் பார்க்க விடாதீர்கள். முட்டை இல்லாவிட்டாலும் மைதா வேகாத தானியம்தான். அதிலும் கிருமி இருக்கக்கூடும்.

தூத்துக்குடி மக்ரூன்: மெல்லிய சூடு, நீண்ட நேரம்

முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றே பொருள். பாதாம் போட்டுச் செய்யும் ஐரோப்பியப் பண்டம், நம் கடற்கரையில் முந்திரிக்கு மாறிக் கூம்பு வடிவத்தில் நிலைத்துவிட்டது. சுடுவது என்பதைவிட உலர்த்துவது என்றால் பொருத்தம். வெள்ளைக்கரு பெரும்பாலும் தண்ணீர். அதை நுரையாக்கி, சர்க்கரையால் நிறுத்தி, நிறம் மாறாத சூட்டில் அந்தத் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றுகிறோம். இந்த அத்தியாயத்தின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது: தண்ணீர் போனால் வாரக்கணக்கில் நிற்கும், ஐந்து நிமிடம் முன்னால் எடுத்துவிட்டால் மறுநாளே பல்லில் ஒட்டும்.

தேவையானவை (சுமார் 25 முதல் 30): இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு (65 கிராம்), பொடித்த சர்க்கரை 140 கிராம், முந்திரி 130 கிராம், எலுமிச்சைச் சாறு சில துளி.

1. முந்திரியை நிழலில் உலர்த்தி அல்லது 100 டிகிரி ஓவனில் 10 நிமிடம் வைத்து, நன்றாக ஆற விடவும். மிக்சியில் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும். ரவைப் பதம் போதும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கும்.
2. குளிர்ந்த முட்டையைப் பிரித்தெடுங்கள். அப்போதுதான் மஞ்சள்கரு உடையாது. ஒவ்வொன்றையும் முதலில் ஒரு கிண்ணத்தில் பிரித்த பிறகே மற்றதோடு சேர்க்கவும். பிரித்த வெள்ளைக்கருவை அரை மணி நேரம் வெளியே வைத்தால் நுரை நன்றாகப் பொங்கும்.
3. கண்ணாடி அல்லது எவர்சில்வர் கிண்ணத்தை எலுமிச்சைத் தோலால் துடைத்து, ஈரம் இல்லாமல் காயவிடவும். துளி மஞ்சள்கருவோ எண்ணெயோ இருந்தால் நுரை எழும்பாது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் எண்ணெய்ப் பசை எப்போதும் கொஞ்சம் தங்கியிருக்கும், அது வேண்டாம்.
4. எலுமிச்சைச் சாறு விட்டு அடிக்கவும். மென்மையான நுரை வந்ததும் சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்து, பளபளப்பாக, பீட்டரைத் தூக்கினால் நுனி நிமிர்ந்து நிற்கும்வரை அடிக்கவும்.
5. முந்திரியை மூன்று தவணையாகத் தூவி, அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலக்கவும். இருபது புரட்டுக்கு மேல் போனால் நுரை தளர்ந்துவிடும்.
6. கோனில் நிரப்பி, பட்டர் பேப்பரில் கூம்பு கூம்பாகப் பிழியவும். உடனே ஓவனில் வைக்கவும்.
7. 110 டிகிரியில் 60 முதல் 75 நிமிடம். பிறகு ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் உள்ளேயே விடவும்.
8. ஒன்றை எடுத்து ஆறவைத்து உடைத்துப் பாருங்கள். நடுவிலும் காய்ந்திருக்க வேண்டும். பிசுக்கென்று இருந்தால் மற்றவற்றை இன்னும் 15 நிமிடம் உலர்த்துங்கள்.

மக்ரூன் பழுப்பாக வந்தால் சூடு கூடிவிட்டது. மேலே வெடித்து அடியில் பாகு வழிந்தால் சர்க்கரை சரியாகக் கரையவில்லை. இரு விரலுக்கு நடுவே நுரையைத் தேய்த்துப் பார்த்தால் நறநறப்புத் தெரிந்துவிடும். கொட்டும் மழை நாளில் இதைத் தொடங்காதீர்கள். ஓவன் உலர்த்துவதைக் காற்று அடுத்த நிமிடமே நனைத்துவிடும். ஓவனிலிருந்து நேராக டப்பாவுக்குப் போக வேண்டிய பண்டம் இது, கம்பி ஸ்டாண்டில் அலங்காரமாக வைக்கும் பண்டம் அல்ல.

பிளம் கேக்: கொஞ்சம் ஈரம் வேண்டிய இடம்

நம் பக்கத்தில் கிறிஸ்துமஸ் கேக்கின் கதை 1883இல் தலச்சேரியில் தொடங்குவதாகச் சொல்வார்கள். மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காகச் சுட்டுக் கொடுத்தாராம். இந்தக் கேக்கில் தண்ணீரை முழுக்க ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது. அடர்த்தியான பழமும் சர்க்கரையும்தான் அதைக் காக்கின்றன. அதனால் சர்க்கரையையோ பழத்தையோ குறைத்தால் கேக்கின் ஆயுளும் குறையும். பழைய முறையில் பழங்களை ரம்மில் ஊறவைப்பார்கள். ஓவனில் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. ஒரு பகுதி தங்கவே செய்யும். பிள்ளைகளுக்குப் போகும் கேக் என்பதால் இங்கே ஆரஞ்சுச் சாறு. சாற்றில் ஊறிய பழம் ரம்மில் ஊறியது மாதிரி மாதக்கணக்கில் நிற்காது. குளிர்பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

தேவையானவை (18 செ.மீ. வட்ட டின்): கறுப்பு திராட்சை 120 கிராம், கிஸ்மிஸ் 80 கிராம், கொட்டை நீக்கி நறுக்கிய பேரீச்சை 60 கிராம், டூட்டி ஃப்ரூட்டி 40 கிராம், ஆரஞ்சுச் சாறு 150 மில்லி, முந்திரி 50 கிராம், வெண்ணெய் 125 கிராம், நாட்டுச் சர்க்கரை 125 கிராம், முட்டை 3, மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு கலந்த பொடி ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. கேரமலுக்கு வெள்ளைச் சர்க்கரை 75 கிராம், வெந்நீர் 75 மில்லி.

1. முதல் நாள்: பழங்களைக் கழுவிச் சாற்றோடு சிறு தீயில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வைக்கவும்.
2. கேரமல்: அடி கனத்த உயரமான பாத்திரத்தில் சர்க்கரையை மட்டும் உருக்கவும். ஆழ்ந்த செம்பு நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை முகத்திலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, வெந்நீரைச் சிறிது சிறிதாக விடவும். கட்டி தட்டினால் மீண்டும் சூடாக்கிக் கரைத்து, முழுக்க ஆறவிடவும்.
3. மறுநாள் பழங்களை வடிகட்டி, ஒரு டேபிள்ஸ்பூன் மைதாவில் புரட்டவும். வடித்த சாறு இருந்தால் குடித்துவிடலாம், மாவில் சேர்க்க வேண்டாம்.
4. டின்னின் அடியிலும் பக்கங்களிலும் இரட்டைப் பட்டர் பேப்பர் போடவும். ஓவனை 150 டிகிரிக்குச் சூடாக்கவும்.
5. வெண்ணெய், நாட்டுச் சர்க்கரையைக் குழைத்து, முட்டையை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்க்கவும். திரிந்தது போலிருந்தால் ஒரு ஸ்பூன் மைதா போட்டால் கூடிவரும்.
6. சலித்த மைதா, பேக்கிங் பவுடர், மசாலா, உப்பு, பிறகு 60 மில்லி கேரமல், கடைசியில் பழமும் முந்திரியும். மாவு மறைந்ததும் கலப்பதை நிறுத்தவும்.
7. 70 முதல் 85 நிமிடம். 50ஆவது நிமிடத்தில் மேல் கறுத்துக்கொண்டு வந்தால் அலுமினியத் தாளால் லேசாக மூடவும். மேல் கம்பியில் தாள் படக் கூடாது.
8. நடுவில் குச்சி விட்டால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். டின்னிலேயே ஆறவிட்டு, மறுநாள் வெட்டவும்.

இந்த அத்தியாயத்திலேயே ஆபத்தான படி கேரமல்தான். உருகிய சர்க்கரை கொதிநீரைவிட மிகவும் சூடானது, தோலில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கால் மணி நேரம் பிள்ளைகள் சமையலறையிலேயே இருக்கக் கூடாது. பச்சைத் தண்ணீர் விட்டால் எரிமலையாகத் தெறிக்கும் என்பதால்தான் வெந்நீர். பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இங்க், டூத்பேஸ்ட், மாவு, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கையின் மூட்டிலோ பட்டிருந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மறுப்புகள்

பிள்ளைகள் கிரீம் கேக்கைத்தானே கேட்கிறார்கள், காய்ந்த பிஸ்கட்டை யார் சீண்டுவார்கள் என்பது முதல் கேள்வி. கேட்பது உண்மைதான். பிறந்தநாளுக்கு, வெட்டியவுடன் தீர்ந்துவிடும் இடத்துக்கு, கிரீம் கேக் தாராளமாகச் சுடுங்கள். இங்கே பேச்சு கொடுத்தனுப்பும் பண்டம் பற்றி. பாலாடை கிரீமை நம் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. நான்கு வீடு ஏறி இறங்குவதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். பிள்ளைகளை இழுப்பது கிரீமைவிட அதன் நிறம்தான் என்றால் அதற்கு வழியிருக்கிறது. 100 கிராம் ஐசிங் சுகரில் மூன்று நான்கு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுக் கெட்டியாகக் குழைத்து, துளி வண்ணம் சேர்த்து, ஆறிய பிஸ்கட்டின் மேல் பூசி, ஓவனின் மிச்சச் சூட்டில் காயவிட்டால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். உணவுக்கென்று விற்கும் வண்ணமாக இருக்க வேண்டும். தன் பெயரைத் தானே எழுதிய பிஸ்கட்டை எந்தப் பிள்ளையும் ஒதுக்காது.

மைதாவும் சர்க்கரையும் உடம்புக்கு ஆகாதே, கோதுமை மாவும் வெல்லமும் போட்டால் என்ன என்பது இன்னும் வலுவான மறுப்பு. மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியது. சர்க்கரை குறைவாகச் சாப்பிடுவது நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தப் பண்டங்களில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. மக்ரூனில் நுரையை நிறுத்துவதும், கேக்கில் ஈரத்தைப் பிடிப்பதும் அதுதான். பாதியாக்கினால் மக்ரூன் உட்கார்ந்துவிடும், கேக் மூன்றாம் நாள் பூக்கும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதனால் கேக்குக்கு நல்லது, மொறுமொறுப்பான பிஸ்கட்டுக்குக் கெடுதல். கோதுமை மாவை நெய் பிஸ்கட்டில் மைதாவுக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் கரகரப்பும் வறட்சியும் தெரியும். பொருளைக் குறைப்பதைவிட அளவைக் குறைப்பது புத்திசாலித்தனம். 18 கிராமுக்குப் பதில் 12 கிராமில் பிஸ்கட் செய்து, 11, 12 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். கேக்கைக் கட்டைவிரல் அகலத் துண்டாக வெட்டுங்கள். ஆரோக்கியம் என்று பெயர் சூட்டி எட்டு சாப்பிடுவதைவிடப் பண்டிகை என்று ஒப்புக்கொண்டு இரண்டு சாப்பிடுவது மேல்.

முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு நெய் பிஸ்கட் அப்படியே பொருந்தும். மக்ரூனை முட்டையில்லாமல் செய்ய வேண்டாம்; வருவது வேறு பண்டம். பிளம் கேக்கில் முட்டைக்குப் பதில் 150 கிராம் கெட்டித் தயிரும் அரை டீஸ்பூன் ஆப்ப சோடாவும் போடலாம், பேக்கிங் பவுடரைப் பாதியாக்கிவிட்டு. நன்றாகவே வரும். ஆனால் தயிர் கூடுதல் ஈரம் கொண்டுவருவதால் வெளியே இரண்டு நாள்தான். அதை டப்பாவின் மேல் எழுதிக் கொடுங்கள். முட்டை பட்ட பாத்திரத்தில் சுட்டதை முட்டையில்லாதது என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வரிசையும் பொதிப்பும்

கொடுக்கும் நாளுக்கு ஐந்து நாள் முன் பழம் ஊறவையுங்கள். நான்காம் நாள் முன் கேக். ஆறியதும் பட்டர் பேப்பரில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மணமும் கூடும், இரண்டு வாரம் நிற்கவும் செய்யும். வெளியே எடுத்தபின் நான்கைந்து நாள் கணக்கு. மூன்றாம் நாளும் இரண்டாம் நாளும் மக்ரூனுக்கு. இரண்டில் எது வெயிலடிக்கிறதோ அன்றைக்குச் சுடுங்கள், மற்ற நாளில் பிஸ்கட். ஒரே நாளில் மூன்றையும் முடித்துவிட நினைப்பவர்கள் ஓவன் சூட்டை மாற்றி மாற்றி எதையும் சரியாகச் சுடுவதில்லை.

ஒரே டப்பாவில் மூன்றையும் கலந்து அடுக்காதீர்கள். கேக்கின் ஈரத்தை மக்ரூனும் பிஸ்கட்டும் இரவோடிரவாகக் குடித்துவிடும். கேக்கைத் தனியாகச் சுற்றுங்கள். பிஸ்கட்டுக்கும் மக்ரூனுக்கும் தனித்தனிச் சிறு டப்பா அல்லது இறுக மூடும் பை. செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். அச்சு மையில் உள்ளவை நெய்யோடு சேர்ந்து பண்டத்தில் இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பொதிப்பு விதிகளும் அதைத் தடை செய்கின்றன. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பிள்ளைகள் திறக்கும் டப்பாவில் போடாதீர்கள், மிட்டாய் என்று நினைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: என்ன பண்டம், சுட்ட தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், முட்டை, முந்திரி, பால், கோதுமை இருக்கிறதா. முந்திரி ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். பிள்ளைகளின் சிநேகிதர்களுக்குக் கொடுக்கும் முன் அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டுக்கு முந்திரி பதித்த பிஸ்கட் போகக் கூடாது, தொண்டையில் அடைத்துவிடும். அவர்களுக்குப் பொடித்துத் தூவியதைக் கொடுங்கள். அக்கம்பக்கத்தார் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினால் அது வியாபாரம். வீட்டிலிருந்து செய்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும்.

டப்பா திறந்து மூடித் திறந்து மூடி பிஸ்கட் நமத்துப்போனால், 140 டிகிரி ஓவனில் 5, 6 நிமிடம் வைத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுப்பாகும். மக்ரூனுக்கு 100 டிகிரியில் 15 நிமிடம். கேக்கில் ஒரு புள்ளி பூஞ்சை தெரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். வேர் உள்ளே வரை போயிருக்கும், முழுக் கேக்கையும் குப்பையில் போடுங்கள்.